வேலையில்லாத மூலை

ஜனவரி 10

கோணமானி அக்காவுக்கு,

பொடி எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? படி ஏறினால் அம்மாவுக்கு மூச்சு வாங்குவது குறைந்ததா? மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, நீ அந்தப் பக்கம் திரும்பியதும் ஜன்னல் வழியாகத் துப்புகிற கைங்கரியம் இன்னும் நடக்கிறதா? அம்மா, அக்கா இதைச் சத்தமாகத்தான் படிப்பாள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நீ சிபாரிசு செய்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் கம்பெனி விற்ற மெஷினில்தான் நிற்கிறேன். சோப்புக் கட்டி பெட்டிக்குள் போனதும் ஒரு முனை இறங்கி வந்து, பெட்டியின் மேல் நேராக வழுக்கிக்கொண்டு போய், மூடி அட்டையை மடித்து உள்ளே திணித்துவிட்டு, மேலே எழும்பி வளைந்து பழைய இடத்துக்குத் திரும்புகிறது. எல்லோரும் அதைக் கொக்கு என்றுதான் கூப்பிடுகிறார்கள். முனைக்கு அலகு என்று பெயர். என் வேலை கொக்குக்கு இரை போடுவது. மடிக்காத அட்டைகளைக் கட்டாக எடுத்து, மெஷின் மூடியின் விளிம்பில் தட்டித் தட்டி நேராக்கிச் செருகுவேன். மேஜை என்று ஒன்று தரவில்லை. மூடிதான் எங்களுக்கு மேஜை.

ஒரே தொல்லை, பெரிய பெட்டி வரும் நாளில் அலகு அட்டையைக் கிழித்துவிடுகிறது. மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் கழற்றி மாட்டுவதற்குள் பாதி ஷிப்ட் போய்விடும். சூப்பர்வைசர் எங்களை முறைப்பார். நாங்கள் கொக்கை முறைப்போம். நீதான் மெஷினுக்கெல்லாம் படம் போடுகிறவளாயிற்றே, இதற்கு ஒரு வழி சொல். அந்த அலகு ஏன் வட்டமாகவும் போகாமல் நேராகவும் போகாமல் இப்படி ஒரு தினுசாகப் போகிறது?

அம்மாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பொடி

உள்சீட்டு: கிளம்பும்போது பேசிக்கொண்டபடி, அம்மா காதில் விழக்கூடாதது இந்தத் தனிச்சீட்டில். அறை ஒழுகுகிறது. முதல் வாரம் தினமும் அழுதேன், இப்போது இல்லை. பக்கத்து அறை டீச்சர் நல்லவர், தனியாக இருக்கிறார். படித்ததும் கிழித்துப்போடு.


ஜனவரி 27

என் பொடிக்கு,

அக்காவின் அன்பு. நாங்கள் நன்றாக இருக்கிறோம். உன் கடிதத்தை அம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னாள். கண் மங்கினாலும், உன் எழுத்தை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு "முத்து முத்தா எழுதறா பாரு" என்கிறாள். படம் போட்டே பிழைக்கிற என் எழுத்தை இதுவரை ஒருமுறையாவது புகழ்ந்திருப்பாளா? மாத்திரை இப்போது என் கண் முன்னால்தான் விழுங்கப்படுகிறது.

நீ கேட்ட கேள்வியை இந்த ஆபீசில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. சொல்கிறேன், கேள். கொக்கின் உள்ளே ஒரு பக்கம் முழுச் சுற்று சுற்றுகிற தண்டு இருக்கிறது. இன்னொரு பக்கம் ஊஞ்சல் மாதிரிப் போய்ப் போய் வருகிற தண்டு. இரண்டையும் பிடித்துக்கொண்டு நடுவில் ஒரு தகடு. ஒருவன் சுற்றுகிறான், ஒருவன் ஆடுகிறான், நடுவில் மாட்டியவன் பாடு திண்டாட்டம். சுற்றவும் முடியாமல் ஆடவும் முடியாமல் புரண்டுகொண்டே இருக்கிறது. அதில் நீ எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அதற்கென்று ஒரு பாதை உண்டு. சுற்றும் தண்டின் பக்கத்தில் உள்ள புள்ளி ஏறக்குறைய வட்டம் போடும். ஆடும் தண்டின் பக்கத்தில் உள்ளது ஒரு வில் மாதிரி போய்விட்டு அதே வழியில் திரும்பும். நடுவில் உள்ளவை அவரைவிதை, நீர்த்துளி, எட்டு என்று என்னென்னவோ போடும். தகடு ஒன்றுதான், அசைவும் ஒன்றுதான், ஆனால் ஒரு புள்ளியின் வழியில் இன்னொரு புள்ளி போகாது. கீழே நேராகப் போய் மேலே வளைந்து வருகிற ஒரு புள்ளியைத் தேடிப் பிடித்து அங்கே அலகை மாட்டியிருக்கிறோம்.

உன் பெரிய பெட்டிக்கு வேறொரு புள்ளி தேவை. தேடி எடுத்துவிட்டேன். புதிய தகட்டில் அலகுக்கு ஒரே மூலையில் இரண்டு ஓட்டை, சின்னப் பெட்டிக்கு ஒன்று, பெரியதற்கு ஒன்று. ஒரு போல்ட்டைக் கழற்றி மாட்டினால் போதும். பழைய தகடு முக்கோணம், இது செவ்வகம். நாலாவது மூலையை வெட்டி எடுக்கலாம், ஆனால் பட்டறைக்கு ஒரு வெட்டு மிச்சமாகட்டும் என்று விட்டுவிட்டேன். ஃபோர்மேன் என் மேஜைக்கே வந்து, "பட்டறைக்காரன் கஷ்டம் தெரிஞ்ச ஒரே ஆளு நீதாம்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இத்துடன் அந்தத் தகட்டை அட்டையில் வெட்டி, தண்டுகளோடு ஊசி குத்தி, கீழ் அட்டையில் மெஷினின் மூடியையும் கோடாகப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஓட்டையில் பென்சிலை விட்டுச் சுற்றிப் பார். உன் கை வரைய வேண்டியதில்லை, அட்டையே பென்சிலை இழுத்துக்கொண்டு போகும்.

உன் அக்கா


பிப்ரவரி 16

அக்கா,

இங்கே நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். அம்மா, இருமல் எப்படி?

உன் அட்டைக் கொக்கு வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு தூக்கம் இல்லை. டீச்சரையும் கெடுத்துவிட்டேன். நீ போட்ட ஓட்டை போதாமல் நாங்களே ஊசியால் குத்திக் குத்திப் பென்சிலை விட்டோம். ஓட்டையை ஒரு நெல் தூரம் தள்ளிப் போட்டால்கூட வளைவு மாறிவிடுகிறது. ஒன்று வாத்து மாதிரி வந்தது. ஒன்று சூப்பர்வைசரின் மூக்கு மாதிரியே வந்தது, அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன், சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது. நல்லதையெல்லாம் பசை தடவிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒழுகல் கறையும் மறைந்துவிட்டது.

ஒரு சந்தேகம். தகட்டில் மூன்று மூலைக்கும் ஏதோ ஒரு வேலை இருக்கிறது. நாலாவது மூலை மட்டும் அழைக்காத விருந்தாளி மாதிரி சும்மா நிற்கிறது. அது எங்கே போகும்?

பொடி

உள்சீட்டு: ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் சீட்டு.


மார்ச் 5

பொடிக்கு,

இருவரும் சுகம். அம்மாவுக்கு இருமல் விட்டது, பிடிவாதம் விடவில்லை.

நாலாவது மூலை எங்கே போகும் என்று கேட்டிருந்தாய். அதற்குத்தான் வேலையே இல்லையே. வேலை இல்லாதவன் எங்கே போனால் நமக்கென்ன? இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரு நல்ல செய்தி. இதுவரை நான் போட்ட படங்களில் பெரியவர்கள்தான் கையெழுத்துப் போடுவார்கள். இந்தத் தகட்டின் படத்தில், "வரைந்தவர், சரிபார்த்தவர்" இரண்டிலும் என்னையே போடச் சொல்லிவிட்டார் மேலாளர். ஏப்ரலில் உங்களுக்கு வந்துவிடும். அதைப் பார்க்கும்போது உன் அக்கா அங்கே வந்து நிற்பதாக நினைத்துக்கொள்.

அக்கா


மே 2

பொடி,

நாங்கள் நலம்தான். நீ? ஏப்ரல் முழுவதும் ஒரு வரி இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அம்மா "வந்துடுச்சா?" என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். நான் பழைய கடிதத்தையே புதியது மாதிரிப் படித்துக் காட்டினேன். வாத்து வந்ததும் கண்டுபிடித்துவிட்டாள். "இந்த வாத்து போன தடவையே வந்துதே" என்றாள்.

புதிய தகடு வந்ததா? பெரிய பெட்டி ஒழுங்காக ஓடுகிறதா? வேலை அதிகம் என்றால் ஒரு கார்டாவது போடு. கோபமா? எதற்குக் கோபம்?

அக்கா


மே 14

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

இவ்விடம் நான் முழு நலம். தங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய விழைகிறேன். கடிதம் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். தண்ணீர்க்குடம் தூக்கும்போது வலது மணிக்கட்டில் சுளுக்கு விழுந்துவிட்டது. ஆகையால் நான் சொல்லச் சொல்லப் பக்கத்து அறை ஆசிரியை எழுதுகிறார். வேறு ஒன்றும் இல்லை. கவலைப்பட வேண்டாம்.

புதிய தகடு வந்து சேர்ந்தது. பெரிய பெட்டி கிழியாமல் ஓடுகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அம்மா மாத்திரையைத் துப்பாமல் இருக்கவும். நான் நலம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தங்கை


மே 28

பொடிக்கு,

அப்பாடா! உன் டீச்சருக்கு என் நன்றியைச் சொல். எழுத்து அழகு, ஆனால் "விழைகிறேன்" என்று என் தங்கை சொன்னாளா? "யாரு இது, நம்ம பொடியா பேசறது?" என்று அம்மா கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். சுளுக்குக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. குடத்தை அரைக்குடமாகத் தூக்கு.

அக்கா

உள்சீட்டு: இது அம்மாவுக்கு வேண்டாம். போன வாரம் ஆபீசில் என் உயிர் போய் வந்தது. நம் கொக்கில் எங்கோ ஒரு விபத்தாம். கோப்பில் ஊர் இல்லை, பெயர் இல்லை. பெண் தொழிலாளி, வலது கை என்று மட்டும் இருந்தது. பல ஊர்களுக்கு விற்றிருக்கிறோம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆனாலும் உன் சுளுக்கு ஒரு நிமிடம் நினைவுக்கு வந்தது. உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். நலம் என்று இருந்தது, அதுவும் இரண்டு தடவை. உள்சீட்டு இருக்கிறதா என்று உறையைப் பிரித்தே பார்த்தேன், இல்லை. பிறகுதான் மூச்சு வந்தது.

தகட்டின் எந்தப் பாகமும் மூடிக்கு வெளியே வராது என்று அறிக்கை கேட்டார்கள். அலகின் பாதையை அடிக்கு அடி மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். எங்கேயும் மூடியைத் தொடக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பாவம், அந்தப் பெண் எதையோ நினைத்துக்கொண்டு உள்ளே கை விட்டிருப்பாள். நீ கவனமாக இரு.


ஜூலை 3

பொடி,

மே கடைசியில் போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. அம்மா நலம். நான் நலமில்லை, ஏன் என்று எனக்கே தெரியவில்லை. சுளுக்கு இத்தனை மாதமா இருக்கும்? டீச்சரிடம் சொல்லியாவது ஒரு வரி எழுது.

அக்கா


ஜூலை 21

அக்கா,

இந்தக் கடிதத்தில் முன்பக்கம் இல்லை. எல்லாமே உள்சீட்டுதான். அம்மா பக்கத்தில் இருந்தால் எழுந்து அந்த அறைக்குப் போய்விடு.

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு வாரம் ஆகிறது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தகடு மாட்டிய அன்றே நடந்தது. சின்னப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் எப்போதும் போல அட்டைக் கட்டை மூடியின் விளிம்பில் தட்டினேன். கை வெளியே இருந்தது அக்கா, உள்ளே இல்லை. உள்ளேயிருந்து எதுவோ எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. திரும்பும்போது என் விரல்களை விளிம்போடு வைத்து நசுக்கிக்கொண்டு போனது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம்.

அன்று சாயங்காலமே அந்த இடத்தில் ஒரு பலகையை அடித்துவிட்டார்கள். விசாரிக்க வந்தவர் பார்த்தபோது அது பிறவியிலிருந்தே அங்கே இருப்பது மாதிரி இருந்தது. "கை வெளியதான் இருந்துது சார்" என்று சொன்னேன். என் பக்கத்தில் நின்றவர்களும் சொன்னார்கள். சூப்பர்வைசர் ஒரு தாளை எடுத்து எல்லோர் முன்னாலும் படித்தார். எந்தப் பாகமும் வெளியே வராது என்று மெஷின் செய்தவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். "அப்ப நீ கையை உள்ள விட்டேன்னுதானேம்மா அர்த்தம்?" என்றார். தாளை என்னிடம் காட்டினார். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. கவனக்குறைவு என்று எழுதி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பார்த்த பிறகு எந்த மெஷினிலும் என்னை யாரும் நிற்க வைக்க மாட்டார்கள்.

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் முகத்தில் எதுவும் நிற்காது. நீ உறையைப் பிரிக்கும்போதே அம்மா உன் மூச்சைக் கேட்டுக் கண்டுபிடித்துவிடுவாள். அவள் நெஞ்சு தாங்காது. கட்டுப் பிரிக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன். நலம் என்று எழுதியதைப் பொய் என்றே நான் நினைக்கவில்லை. கடிதம் என்றால் அப்படித்தானே தொடங்கும்?

உன் அட்டைக் கொக்கை எடுத்து அந்த நாலாவது மூலையில் ஓட்டை போட்டேன். பென்சிலை விட்டு இடது கையால் சுற்றினேன். நீ போட்ட மூடிக் கோட்டின் மேல் சிவப்பு மை பூசியிருக்கிறேன். தாளை இத்துடன் வைக்கிறேன், பார்.

இனிமேல் என்ன செய்யப் போகிறாய், எங்கே போவாய் என்று டீச்சர் கேட்கிறார். நீ மார்ச்சிலேயே பதில் எழுதிவிட்டாய். வேலை இல்லாதவள் எங்கே போனால் என்ன?

அம்மாவிடம் சொல்லிவிடாதே. இது கடைசிச் சீட்டு. இனி என்னிடமிருந்து உள்சீட்டு வராது.


ஆகஸ்ட் 4

பொடி, என் கண்ணே,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நலமா என்று எந்த வாயால் கேட்பேன்?

உன் தாளைப் பார்த்தேன். வளைவு சிவப்புக் கோட்டைத் தாண்டி மூன்று விரற்கடை வெளியே வந்து, கொக்கி மாதிரி மடங்கி உள்ளே போகிறது. அன்றைக்கே என் வரைபலகையில் அந்த மூலைக்குப் புள்ளி வைத்துப் பார்த்தேன். உன் தாளை மேலே வைத்தேன். ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. இடது கையால் சுற்றியிருந்தாலும் வளைவு நடுங்கவே இல்லை. நான்தானே சொன்னேன், அட்டையே பென்சிலை இழுத்துக்கொண்டு போகும் என்று. அதைப் பார்த்து ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதேன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று எழுதினேனே. அது சோற்றுக்குச் சரி. தகட்டில் ஒரு புள்ளி போகிற வழியில் இன்னொரு புள்ளி போகாது என்று உனக்குப் பாடம் எடுத்தவளே நான்தான். நீ கேட்டாய், நான் சிரித்தேன். மூடிதான் எங்களுக்கு மேஜை என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். அதையும் சத்தமாகப் படித்தவள் நான்தான். வலது கை என்று கோப்பில் பார்த்தபோதே எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும். தெரிய வேண்டாம் என்றுதான் உன் கடிதத்தைத் தேடி எடுத்தேன். நீ நலம் என்று எழுதியிருந்தது எனக்கு வசதியாக இருந்தது பொடி.

மேலாளரிடம் போனேன். இரண்டு வளைவையும் மேஜையில் விரித்து, என் அறிக்கை தப்பு, திருப்பிக் கொடுங்கள், வேறு எழுதித் தருகிறேன் என்றேன். அவர், "நீ அலகோட பாதையைத்தானே போட்டுப் பாத்தே? அது சரிதானே? அப்ப நீ பொய் சொல்லலையே" என்றார். எந்தப் பாகமும் என்று எழுதியிருக்கிறேன் சார் என்றேன். "யானைக்கும் அடி சறுக்கும்மா. போய் முகத்தைக் கழுவிட்டு வா" என்றார். அது என் தங்கை என்று சொன்னேன். எழுந்து வந்து கதவைச் சாத்தினார். அப்படியானால் நான் இதில் பேசவே கூடாதாம், சொந்தக்காரி சொல்வது செல்லாதாம்.

புதிய படத்தில் அந்த மூலையை வெட்டிவிட்டேன். ஒரே ஒரு வெட்டு. ஃபோர்மேன் அன்றே வெட்டிக் கொடுத்தார். அந்தத் திருத்தத்தை உடனே ஏற்றுக்கொண்டார்கள். காரணம் என்ற இடத்தில் நான் நடந்ததை எழுதினேன். அதை அடித்துவிட்டு "எடைக் குறைப்பு" என்று எழுதிக்கொண்டார்கள். எல்லா ஊர்களுக்கும் புதிய தகடு போகிறது, பழையதைத் திரும்ப வாங்கி உருக்குகிறார்கள். இனி யார் கேட்டாலும் காட்ட அந்த மூலையே இருக்காது.

உன் முதலாளிக்கும், விசாரித்த அதிகாரிக்கும் நானே எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் வருகிறேன். திட்டு, அடி, முகத்தில் காறித் துப்பு. நான் வரும்வரை அங்கேயே இரு.

உன் அக்கா


செப்டம்பர் 19

டீச்சர் மூலமாகப் பொடிக்கு,

வந்தேன். அறை பூட்டியிருந்தது. வீட்டுக்காரர் திறந்து காட்டினார். சுவரில் பசைத் தடம் மட்டும் சதுரம் சதுரமாக இருந்தது, நடுவில் ஒழுகல் கறை. ஒரு வளைவைக்கூட விடாமல் எடுத்துப் போயிருக்கிறாய், அல்லது கிழித்துப்போட்டிருக்கிறாய். டீச்சரிடம் எத்தனை கெஞ்சினேன் தெரியுமா? "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கா. என்னை மன்னிச்சுடுங்க" என்று அவரும் அழுதார். பல் துலக்கவும் தலை வாரவும் இடது கையைப் பழக்கினாயாம். ஜடை மட்டும் ஒரு கையால் வரவில்லை என்று முடியை வெட்டிக்கொண்டாயாம். அதை அவர்தான் வெட்டிவிட்டாராம்.

தொழிற்சாலை வாசலில் என்னை உள்ளே விடவில்லை. மெஷின் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் விட்டார்கள். கொக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூலை வெட்டிய புதுத் தகடு, பலகையைக்கூட எடுத்துவிட்டார்கள். உன் இடத்தில் வேறொரு பெண் நின்று அட்டைக் கட்டை மூடியின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

அதிகாரியிடமிருந்து பதில் வந்துவிட்டது. சரிபார்த்தவரின் முதல் அறிக்கையே ஏற்கத்தக்கது, உறவினர் என்று தெரிந்த பிறகு தரப்பட்ட இரண்டாவது அறிக்கை ஏற்கத்தக்கதல்ல என்று. அதாவது உனக்கு எதிராக என் கையெழுத்து செல்லும், உனக்காகச் செல்லாது.

வேலையை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அம்மாவின் மருந்துக்கு வேறு வழி இல்லை. தினமும் போகிறேன், வரைபலகை முன்னால் உட்காருகிறேன். இப்போது ஒரு தகடு கொடுத்தால் அதன் ஓரம் முழுவதும் புள்ளி வைக்கிறேன். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் இன்னொன்று இருக்கிறதே, அது எங்கே போகும் என்று பயம் வருகிறது. அதையும் போடுகிறேன். படம் முடிவதே இல்லை. மேலாளர் திட்டுகிறார்.

ஒரே வீட்டில் பிறந்தோம், ஒரே தட்டில் சாப்பிட்டோம். நீ இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை பொடி. ஒரு சீட்டு வை. திட்டியாவது ஒரு சீட்டு வை.

அக்கா


நவம்பர் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமா? இருமல் இல்லையே? குளிர் காலம் வருகிறது, காலையில் வெறுங்காலோடு வாசலுக்குப் போகாதே.

நெடுநாளாகக் கடிதம் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வேலை மாற்றிக்கொண்டேன், ஊரும் மாற்றிக்கொண்டேன். இப்போது உட்கார்ந்தே செய்கிற வேலை. நிற்க வேண்டியதில்லை, கால்வலி போய்விட்டது. கூட வேலை செய்கிறவர்கள் பிரியமாக இருக்கிறார்கள். அறை ஒழுகுவதில்லை. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டேன், நீ பார்த்தால் திட்டுவாய்.

கைச் சுளுக்கு முழுதும் சரியாகிவிட்டது. யாரையும் எழுதச் சொல்லாமல் நானே எழுதுகிறேன், பார்த்தாயா? அவசரத்தில் எழுதுவதால் எழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டு போகிறது. முத்து முத்தாக இல்லை என்று குறை சொல்லாதே.

இந்த விலாசம் நிலையில்லை, அதனால் எழுதவில்லை. மாதம் ஒரு கடிதம் தவறாமல் போடுகிறேன். மாத்திரையைத் துப்பாதே.

நான் நலம் அம்மா. இதை உனக்குப் படித்துக் காட்டுகிறவருக்கும் என் விசாரிப்பைச் சொல்.

உன் சின்ன மகள்